ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு எந்தப் பாக்கெட்டை வாங்கலாம்?

குழந்தைக்கு ஒரு வயது முடிந்ததும் வீட்டுக்குள் பாக்கெட்டுகள் வரத் தொடங்கிவிடும். பார்க்க வருகிறவர் கையில் பிஸ்கட், மருந்துக் கடையில் வரிசையாக மால்ட் பவுடர் டப்பாக்கள், பத்து நிமிடத்தில் வாசலுக்கு வரும் செயலியில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வேளச்சேரி, துரைப்பாக்கம் வீடுகளில் போய் ‘எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்து கொடுங்கள்’ என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. பாக்கெட் வரத்தான் செய்யும். எதை உள்ளே விடுவது, எதை எப்போதாவது கொடுப்பது, எதைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவது என்று முடிவெடுக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பதப்படுத்திய உணவு என்றாலே கெட்டது என்று இல்லை. தயிர் பதப்படுத்தியதுதான். அவல், ரவை, சேமியா, பொட்டுக்கடலை, தெருமுனையில் விற்கும் இட்லி மாவு, உறைய வைத்த பச்சைப் பட்டாணி எல்லாமே ஏதோ ஒரு ஆலையையோ இயந்திரத்தையோ தாண்டி வந்தவைதான். இவற்றால் பிரச்சினை இல்லை. நம் சமையலறையில் இல்லாத பொருள்களைச் சேர்த்து, சர்க்கரையும் உப்பும் எண்ணெயும் தூக்கலாகப் போட்டு, பிரித்ததும் வாயில் போடத் தோதாகச் செய்த பொருள்களிடம்தான் கவனம் வேண்டும். எல்லாப் பாக்கெட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போட்டால் நல்லதும் சேர்ந்து போய்விடும். அப்புறம் களைத்துப்போன ஒரு புதன்கிழமை இரவு கைக்கு எது அகப்படுகிறதோ அதைக் கொடுப்போம்.

முதலில் வயது

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கணக்கு மிகவும் எளிது: சேர்த்த சர்க்கரை வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்காக 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சர்க்கரையும் உப்பும் டிரான்ஸ் கொழுப்பும் மிகுந்த பண்டங்களைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. இனிப்பூட்டிய பானங்களும் வேண்டாம்; சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் செயற்கை இனிப்புகளும் வேண்டாம். பழச்சாறு சுத்தமானதாகவே இருந்தாலும் அளவோடுதான்.

இரண்டு வயதைத் தாண்டினால் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். அமெரிக்க இதயச் சங்கம் 2 வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் சேர்த்த சர்க்கரை இருக்கட்டும் என்கிறது. அது உச்சவரம்பு, அவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று பொருள் இல்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு அதில் பாதிகூட அதிகம் என்பது என் எண்ணம்.

உப்பு விஷயத்தில் ஒன்று முதல் மூன்று வயது வரை ஒரே அளவுதான். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 கிராம் உப்பு, அதாவது சுமார் 800 மி.கி. சோடியம். இட்லி, சாம்பார், ரசம் சாதம் என்று வீட்டுச் சாப்பாட்டிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும். பாக்கெட்டுக்கு மிச்சம் இருக்கிற இடம் கொஞ்சம்தான். ஒரு பொருளை ‘கொஞ்சம்தானே’ என்று கொடுக்கத் தோன்றும்போது இந்த மிச்சத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் விவரம்

பாக்கெட்டின் முன்பக்கத்தில் எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ‘மைதா இல்லை’, ‘பாட்டி கைப்பக்குவம்’, ‘சிறுதானிய சக்தி’, ‘23 சத்துகள்’ எல்லாம் விற்பதற்காக எழுதியவை. திருப்பி, சேர்மானப் பட்டியலைத் தேடுங்கள். எடையில் எது அதிகமோ அதை முதலில் போட்டு, இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஆகவே முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

ராகி பிஸ்கட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் ராகிக் கதிர் படம். பின்னால் கோதுமை மாவோ மைதாவோ முதலில், அடுத்துச் சர்க்கரை, அதற்கப்புறம் பாமாயில், நான்காவதாக ராகி. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு சிறிய சதவீதம். ஒரு பொருளை முன்னிறுத்தி விற்றால் அது எத்தனை சதவீதம் இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும் என்பதால் அந்த எண் அங்கே இருக்கிறது. அதைத் தேடிப் பாருங்கள். ஓட்ஸ் பிஸ்கட், பாதாம் பிஸ்கட், ‘மாம்பழச் சாறு கலந்த’ பானம் எதுவானாலும் இதே கதைதான்.

சர்க்கரை ஒரே பெயரில் வராது. சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், பழச்சாறு கான்சென்ட்ரேட் (தண்ணீரை நீக்கிக் கெட்டியாக்கிய சாறு) என்று மூன்று நான்காகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். சேர்த்துப் பார்த்தால் அதுதான் முதலிடத்தில் இருக்கும். மால்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரைக் கணக்கில் வராது. ஆனால் உடம்பில் சர்க்கரை மாதிரியே வேகமாகக் கரையும் மாவுப் பொருள் அது. குழந்தைப் பவுடர்களில் இது நிறையவே வரும்.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். சென்னையில் எந்த ஆர்கானிக் கடைக்குப் போனாலும் நாட்டுச் சர்க்கரை பிஸ்கட், கருப்பட்டி மிட்டாய், பனங்கற்கண்டு பால் பவுடர், தேன் கலந்த நெல்லி என்று அடுக்கி வைத்திருப்பார்கள். ‘வெள்ளைச் சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று பெரிதாக எழுதியிருக்கும். அது பொய் இல்லை. ஆனால் வெல்லமும் கருப்பட்டியும் தேனும் குழந்தையின் உடம்புக்குச் சர்க்கரைதான், பல்லுக்கும் சர்க்கரைதான். அவற்றில் இருக்கும் இரும்புச் சத்துக்காகக் கொடுப்பதானால், அந்த அளவு இரும்பு கிடைப்பதற்குள் குழந்தை தின்ற வெல்லம் கையளவு ஆகிவிடும். ‘இந்துப்பு சேர்த்தது’ என்பதும் அப்படித்தான். இந்துப்பிலும் சோடியம் இருக்கிறது, அயோடின்தான் பெரும்பாலும் இருக்காது. இதையெல்லாம் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

எண்களை எப்படிப் பார்ப்பது

அடுத்தது ஊட்டச்சத்து அட்டவணை. ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற பத்தியை விட்டுவிட்டு ‘100 கிராமுக்கு’ என்ற பத்தியைப் பாருங்கள். பரிமாறல் அளவை நிறுவனமே வைத்துக்கொள்ளும்; 100 கிராம்தான் இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிட உதவும்.

இரண்டே எண்கள் போதும். சர்க்கரை 100 கிராமுக்கு 5 கிராமுக்குள் இருந்தால் குறைவு, 22.5 கிராமைத் தாண்டினால் மிக அதிகம். சோடியம் 120 மி.கி.-க்குள் குறைவு, 600-ஐத் தாண்டினால் மிக அதிகம். இந்தக் கீழ் எல்லைகள் நம் நாட்டிலும் ‘குறைந்த சர்க்கரை’, ‘குறைந்த சோடியம்’ என்று எழுதுவதற்கான எல்லைகளே. மேல் எல்லைகள் பிரிட்டனில் பாக்கெட்டில் சிவப்பு நிறம் இடும் அளவுகள். பிரிட்டன்காரர்கள் பெரியவர்களை நினைத்துப் போட்டவை என்பதால், குழந்தைக்கு நடுவில் இருப்பதையும் சற்றுச் சந்தேகத்தோடே பார்க்கலாம்.

மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை என்று இரண்டு வரிகள் இருக்கும். பாலிலும் தயிரிலும் பழத்திலும் இயல்பாகவே சர்க்கரை உண்டு. வெறும் தயிரில் மொத்தச் சர்க்கரை 4 கிராம் சுற்றிலும் காட்டும், சேர்த்தது பூஜ்ஜியம். பயப்பட வேண்டாம். அதே தயிர் ஸ்ட்ராபெரி படத்தோடு வந்தால் இரண்டாவது வரியைப் பாருங்கள்.

இன்னொரு பத்தி இருக்கிறது, பலரும் ஏமாறும் இடம்: தினசரித் தேவையில் இத்தனை சதவீதம் என்பது. அந்த சதவீதம் 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கானது. சோடியம் 2000 மி.கி., சேர்த்த சர்க்கரை 50 கிராம் என்று வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் பிள்ளைக்குச் சோடியம் 800 மி.கி. போதும். ஆகவே பாக்கெட்டில் சோடியம் 10 சதவீதம் என்று போட்டிருந்தால் குழந்தைக்கு அது 25 சதவீதம். இரண்டரையால் பெருக்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

5 ரூபாய் பாக்கெட் மாதிரி மிகச் சிறியவற்றில் சில விவரங்களை அச்சிடாமல் விட விலக்கு உண்டு. அதே பொருளின் பெரிய பாக்கெட்டை எடுத்துப் படித்துவிட்டு வையுங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். செயலியில் வாங்கும்போது முன்பக்கப் படம் மட்டும் தெரியும்; கடைசிப் படங்கள் வரை தள்ளிப் பாருங்கள், பெரும்பாலும் பின்பக்கமும் இருக்கும். இல்லாவிட்டால் புதிய பொருளை அப்படி வாங்காமல் இருப்பது நல்லது.

சரி, கடைக்குள் போவோம்

பால், தயிரில் ஆரம்பிக்கலாம். ஒரு வயதுக்கு மேல் பசும்பால் கொடுக்கலாம். இரண்டு வயது வரை கொழுப்பு நீக்காத பால்தான் ஏற்றது. ஆவினில் நீலப் பையில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சுப் பையில் 6 சதவீதம். வீட்டில் யாருக்காவது கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அதற்காகக் குழந்தைக்கும் சேர்த்துக் கொழுப்பு குறைந்த பாலுக்கு மாற வேண்டாம். அரை லிட்டருக்கு மேல் பாலைக் குடித்துவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளும் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து குறையும்; அதையும் கவனியுங்கள். பாக்கெட் தயிர், பனீர் தாராளமாக வாங்கலாம். சீஸ் ஸ்லைஸ், சீஸ் ஸ்பிரெட் இரண்டிலும் உப்பு அதிகம். வாரம் ஒன்றிரண்டு முறை அரைத் துண்டு சரி, தினமும் சப்பாத்திக்குள் வைத்துச் சுருட்டிக் கொடுப்பது சரியில்லை.

மால்ட் பவுடர்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அது பாலுக்கு மறுபெயர் மாதிரி ஆகிவிட்டது. 100 கிராமில் 30 கிராம் சுற்றிலும் சர்க்கரை இருக்கும் வகைகள் சாதாரணம். உயரம், மூளை, நோய் எதிர்ப்பு என்று என்ன எழுதியிருந்தாலும் ஒழுங்காகச் சாப்பிடும் குழந்தைக்கு அது தேவையில்லை. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இணைய விற்பனைத் தளங்கள் இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் வைக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. அப்படி ஒரு வகை உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே வரையறுக்கப்படவில்லை என்பதுதான் காரணம். ‘பவுடர் போடாமல் பால் குடிக்க மாட்டான்’ என்ற நிலைக்கு ஏற்கெனவே வந்துவிட்டீர்களா? ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். கரண்டி அளவை வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரு மாதத்தில் குழந்தைக்குத் தெரியாமலேயே வெறும் பாலுக்கு வந்துவிடலாம். அப்போதும் குடிக்க மறுத்தால் தயிராகக் கொடுத்தால் போயிற்று.

ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று விற்கும் தனிப் பால் பவுடர்களும் அவசியம் இல்லை. டாக்டர் ஏதாவது காரணத்துக்காக எழுதிக் கொடுத்தால் அது வேறு.

உடனடி தானியக் கூழ் வகைகளில் சர்க்கரை சேர்த்தது, சேர்க்காதது என்று ஒரே பெயரில் இரண்டு வகை கிடைக்கிறது. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கும் செரிலாக்கில் ஒரு வேளை அளவுக்குச் சராசரியாக 2.7 கிராம் சேர்த்த சர்க்கரை இருப்பதாகவும், அதைத் தயாரிக்கும் நெஸ்லே நிறுவனத்தின் சொந்த நாடான சுவிட்சர்லாந்தில் அப்படி இல்லை என்றும் வெளியிட்டது. பெரிய சர்ச்சை ஆனது. பிறகு சுத்திகரித்த சர்க்கரை இல்லாத வகைகளை அந்த நிறுவனம் இங்கும் கொண்டுவந்தது. எந்த நிறுவனத்தின் கூழாக இருந்தாலும் சேர்த்த சர்க்கரை வரியைப் பார்த்தே வாங்குங்கள். ஒரு வயதுக்குப் பிறகு இந்தக் கூழ் பயணத்துக்கும் அவசரத்துக்கும்தான். மெல்லப் பழக வேண்டிய வயதில் தினமும் கூழ் கொடுத்துக்கொண்டிருந்தால் சாப்பாட்டில் கட்டி தட்டுப்பட்டாலே துப்பும்.

சத்துமாவு நல்ல பொருள். மாவு மில்லில் நீங்களே அரைத்தது மிகவும் நல்லது. கடையில் வாங்கும்போது இரண்டு விஷயம்: பால் பவுடரும் சர்க்கரையும் கலந்த ‘இன்ஸ்டன்ட்’ வகையைத் தவிருங்கள், நிலக்கடலை, முந்திரி, கோதுமை என்று இருபது பொருள் கலந்த மாவை, அவற்றை ஒவ்வொன்றாகக் குழந்தை சாப்பிட்டுப் பழகிய பிறகே கொடுங்கள். ஒவ்வாமை வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவில் வெல்லம் ஏற்கெனவே இருக்கும், அதில் மறுபடி இனிப்பு சேர்க்க வேண்டாம்.

பிஸ்கட். மேரி என்றால் சர்க்கரை இல்லை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மேரியிலும் 100 கிராமுக்கு 20 கிராம் சுற்றிலும் சர்க்கரை இருக்கும். நாலு பிஸ்கட் தின்றால் ஒரு டீஸ்பூன். குளுக்கோஸ் பிஸ்கட்டில் இன்னும் அதிகம். டைஜெஸ்டிவ் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதிலும் சர்க்கரையும் கொழுப்பும் உண்டு. உப்பு பிஸ்கட்டில் சர்க்கரை குறையும், சோடியம் ஏறும். பிஸ்கட்டில் நல்ல பிஸ்கட் என்று ஒன்றைத் தேடி நேரத்தை வீணாக்காமல், இரண்டு வயதுக்கு மேல் எப்போதாவது ஒன்று இரண்டு என்று வைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு வரும். ரஸ்க், பொறை, வர்க்கிக்கும் இதேதான். அதை டீயிலோ காபியிலோ நனைத்துக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் அறவே விட்டுவிடுங்கள். டீயில் இருக்கும் டேனின் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது.

பிரெட்டில் முதல் பெயர் முழுக் கோதுமை மாவாக இருக்க வேண்டும். பழுப்பு நிறத்தை நம்ப வேண்டாம். கேரமல் நிறம் சேர்த்தாலும் பழுப்பாகத்தான் இருக்கும், பட்டியலில் 150 என்று தொடங்கும் எண் இருந்தால் அதுதான். ஒரு துண்டில் 100 மி.கி.-க்கு மேல் சோடியம் இருக்கும், ஆகவே ஒரு வேளைக்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளலாம். மேலே ஜாம் வேண்டாம், மசித்த வாழைப்பழமோ மெல்லியதாகத் தடவிய வேர்க்கடலை வெண்ணெயோ போதும். வேர்க்கடலை வெண்ணெய் பாட்டிலில் வேர்க்கடலை மட்டும்தான் இருக்க வேண்டும்.

இன்ஸ்டன்ட் நூடுல்ஸில் 100 கிராமுக்கு 1000 மி.கி. சோடியத்தைத் தாண்டுவது சாதாரணம். அதில் பெரும்பகுதி அந்தச் சிறிய மசாலாப் பொட்டலத்தில் இருக்கிறது. மூன்று வயதை நெருங்கும் குழந்தை அண்ணன், அக்காவைப் பார்த்து அடம் பிடித்தால், மசாலாவில் கால்வாசி மட்டும் போட்டு, காய்கறியும் முட்டையும் சேர்த்து எப்போதாவது கொடுக்கலாம். அதற்குச் சாதாரண சேமியா எவ்வளவோ மேல். மசாலா ஓட்ஸும் இந்தக் கூட்டம்தான். வெறும் ஓட்ஸ் வாங்குங்கள். சாக்லேட் நிறத்தில் வரும் காலை உணவு உருண்டைகளை மிட்டாய் கணக்கில் வையுங்கள்.

பழச்சாறு டெட்ரா பாக்கெட்டுகள் வேண்டாம். மாம்பழ பானம் 100 மில்லியில் 12 கிராம் சுற்றிலும் சர்க்கரை வரும். ஒரு சின்னப் பாக்கெட்டிலேயே நாலு டீஸ்பூன் ஆகிவிடும். கான்சென்ட்ரேட்டில் தண்ணீர் கலந்து செய்த சாற்றை ‘100 சதவீதம் பழச்சாறு’ என்று எழுதக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. சாத்துக்குடியோ கொய்யாவோ பழமுதிர் நிலையத்தில் வாங்கி வெட்டிக் கொடுத்தால் நாரும் சேர்ந்து போகும். வெயில் காலத்தில் வெளியே போனால் இளநீர் இருக்கிறது, உப்பு குறைத்த மோர் இருக்கிறது.

இட்லி மாவு, உறைய வைத்த பட்டாணி, சோளம், கேரட் எல்லாம் தைரியமாக வாங்கலாம். மாவில் அரிசி, உளுந்து, வெந்தயம், தண்ணீர், உப்பு தவிர வேறு எதுவும் தேவையில்லை. குளிர்பெட்டிக்கு வெளியே அடுக்கி வைத்து, பை உப்பியிருக்கும் மாவை விட்டுவிடுங்கள். உறைந்த நக்கெட்ஸ், ஸ்மைலி, சாஸேஜ் வகைகள் பட்டாணிக்குப் பக்கத்திலேயே இருக்கும். அவற்றின் சோடியம் வரியைப் பார்த்தால் நீங்களே கீழே வைத்துவிடுவீர்கள்.

தொண்டையில் சிக்குபவை

சத்து இருக்கிறதா என்பதைவிட இது முக்கியம், ஆனால் லேபிளில் பெரும்பாலும் இருக்காது. நாலு வயது வரை முழு வேர்க்கடலை, முந்திரி, முழுப் பொட்டுக்கடலை, பாப்கார்ன், கடலை மிட்டாய், கல்கோனா மாதிரிக் கெட்டி மிட்டாய், சின்னக் கப்பில் வரும் ஜெல்லி எதுவும் வேண்டாம். ஜெல்லி கப்பை உறிஞ்சும்போது அப்படியே மூச்சுக்குழலை அடைத்துவிடும். கடலைகளைப் பொடித்துக் கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். கெட்டி முறுக்கு, சீடையும் இந்த வயதுக்கு இல்லை. எதைக் கொடுத்தாலும் உட்கார வைத்துக் கொடுங்கள். ஓடும் வண்டியில், அழும்போது, விளையாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது கொடுக்க வேண்டாம்.

மெரினாவும் பேக்கரியும்

லேபிளே இல்லாத உணவுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. பேக்கரி பப்ஸ், கிரீம் கேக், கலர் கலராக வரும் கப் கேக்கில் என்ன எண்ணெய், என்ன நிறம் என்று தெரியாது. சாயத்துக்கு ரோடமின்-பி கலப்பது கண்டுபிடிக்கப்பட்டதால் தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். ரோடமின்-பி துணிக்குப் போடும் சாயம். அதே ஆண்டு ஏப்ரலில், புகை கக்கும் பிஸ்கட் என்று திரவ நைட்ரஜனில் நனைத்து விற்பதை எதிர்த்து உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. நைட்ரஜன் முழுதாக ஆவியாகும் முன் வாயில் போட்டால் வாயும் வயிறும் உறைந்து புண்ணாகும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை வந்தது. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கிரில் சிக்கன் பொட்டலத்தோடு வரும் அந்த வெள்ளைச் சட்னியைக் குழந்தை தட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். கடற்கரையில் வேக வைத்த சோளமும் வேக வைத்த கடலையும் கிடைக்கும். சோளத்தை உதிர்த்து, கடலையை நசுக்கிக் கொடுங்கள். மேலே தடவும் உப்புக் காரத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டில் பேசி வைப்பது

பாதிப் பாக்கெட்டுகளை நாம் வாங்குவதே இல்லை. தாத்தா அண்ணாச்சி கடையிலிருந்து வாங்கி வருவார், பக்கத்து வீட்டுக்காரர் கொடுப்பார், பிறந்தநாள் ரிடர்ன் கிஃப்ட் பையில் இருக்கும். ‘வாங்காதீங்க’ என்று தாத்தாவிடம் சொன்னால் மனம் சங்கடப்படும், வேறு ஒன்றை வாங்கும் பொறுப்பைக் கொடுத்தால் சங்கடம் இல்லை. “மாமா, சாயங்காலம் வரும்போது பிஸ்கட்டுக்குப் பதிலா ரெண்டு மலைப்பழம் வாங்கிட்டு வாங்க, உங்க கையால குடுத்தா நல்லா சாப்பிடுறா” என்று சொல்லிப் பாருங்கள். பாட்டியிடம், “அத்தை, டாக்டர் ரெண்டு வயசு வரைக்கும் சர்க்கரை வேண்டாம்னு சொல்லியிருக்கார்” என்று பழியை டாக்டர் மேல் போட்டுவிடலாம். டாக்டர்கள் இதற்கெல்லாம் பழகியவர்கள்.

டே கேரில் சேர்க்கும்போதே மாலைச் சிற்றுண்டியாக என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் அது பிஸ்கட்டும் இனிப்புப் பாலும்தான். நீங்களே டப்பா கொடுத்து அனுப்ப அனுமதி கேளுங்கள். குட்டி இட்லி, வேக வைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தயிரில் ஊற வைத்த அவல், பொட்டுக்கடலைப் பொடி கலந்த வாழைப்பழம் எல்லாம் ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று: அழுகையை நிறுத்தப் பாக்கெட் கொடுக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால், மேலே படித்த எந்த எண்ணும் கைகொடுக்காது. எப்போதாவது கொடுக்கும் பிஸ்கட்டையும் சாப்பாட்டு நேரத்தில், தட்டில் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால்

இங்கே ஒரு தவறான பாக்கெட் உண்மையிலேயே கெடுதல் செய்யும். மருந்துக் கடையில் ‘ஓ.ஆர்.எஸ்.’ (வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுகட்டக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்ற எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு, டெட்ரா பாக்கெட்டில் பழச் சுவையோடு பானங்கள் விற்கப்பட்டன. உலகச் சுகாதார நிறுவனத்தின் உப்பு-சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அந்தப் பானங்களில் சர்க்கரை பல மடங்கு இருந்தது, அதிகச் சர்க்கரை வயிற்றுப்போக்கைக் கூட்டும். ஹைதராபாதைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடிய பிறகு, அந்த முறைப்படி இல்லாத எந்தப் பானமும் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. நீங்கள் கேட்க வேண்டியது பொடிப் பொட்டலம்; அதில் உலகச் சுகாதார நிறுவனத்தின் முறைப்படி செய்தது என்று எழுதியிருக்கும். பொட்டலத்தில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுப் பொடியையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் போவது குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

வாங்கிய பிறகு

சென்னை வெயிலில் பிரித்த பாக்கெட் சீக்கிரம் கெடும். சத்துமாவு, ஓட்ஸ், வேர்க்கடலைப் பொடி எல்லாவற்றையும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஏப்ரல் முதல் ஜூன் வரையாவது குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வேர்க்கடலையில் கசப்போ பூஞ்சை வாசனையோ வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், பொறுக்கி எடுத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். பயன்படுத்த வேண்டிய கடைசி நாளை டப்பாவில் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள், ஏனென்றால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டதும் அந்தத் தேதியும் போய்விடும்.

லேபிளில் 14 இலக்க உரிம எண் இருக்கும். சந்தேகமாக இருந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டு, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கலாம். பொருளில் பூச்சியோ கெட்ட வாடையோ இருந்தால் அங்கேயே புகாரும் கொடுக்கலாம். புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால் பாக்கெட்டையும் ரசீதையும் தூக்கிப் போடாமல் வையுங்கள். தொகுப்பு எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.